செவலையின் காதில் விழுந்தவை

2022-ஆம் ஆண்டு ஐப்பசியில், அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் சத்யபிரியா மாடிக் கதவைத் திறந்தபோது, உக்கிரபாண்டி கடைசிப் படியில் உட்கார்ந்து, தம் செருப்பின் அடியில் அப்பியிருந்த கரிசல் மண்ணை வேப்பங்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மழை பெய்துவிட்டால் அந்த மண் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக வளர்ந்துவிடும். சுரண்டிய மண்ணை அவர் தெருவில் தட்டிவிடவில்லை. உள்ளங்கையில் சேர்த்து உருட்டி, கதவோரம் வாடிக்கிடந்த கற்றாழைத் தொட்டியில் இட்டு, கட்டைவிரலால் அமுக்கிவிட்டார். அதன் பிறகே நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சத்யபிரியாவைப் பார்க்கவில்லை. அவளுடைய காலைச் சுற்றிவந்த வரிப்பூனையைப் பார்த்தார்.

“ஏ பூன, சினிமாக் கதை சரிபாத்துக் குடுக்குத அம்மா இவியதானான்னு கேளு.”

“நான்தான் அண்ணாச்சி. என்கிட்டயே கேக்கலாம்” என்று சத்யபிரியா சிரித்தாள்.

“இவியதானாம்” என்று பூனைக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

கோவில்பட்டியில் அந்த வீட்டின் கீழ்த்தளம் தீப்பெட்டி லேபிள் கட்டுகளை அடுக்கிவைக்கும் கிடங்காக இருந்தது. மாடியில் சத்யபிரியா தனியே வசித்தாள். சென்னையில் பல ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரையாடல் எழுதியவள் அவள். அவள் எழுதியதைப் பேசி நடிகைகள் அழுதார்கள். திரையில் ஓடிய பெயர் மட்டும் வேறொருவருடையது. நோய்த்தொற்றுக் காலத்தில் படப்பிடிப்புகள் நின்றபோது தாயைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தாள். தாய் மறைந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ‘கதை உங்களுடையது, திரைக்கதை செப்பம் செய்து தரப்படும்’ என்று இணையத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வங்கி அலுவலர், கடல் கடந்த ஊரிலிருந்து ஒரு மருத்துவர் என்று குரல்களாகவே வாடிக்கையாளர்கள் வந்தார்கள், குரல்களாகவே போனார்கள். செருப்பும் மண்ணுமாகப் படியேறி வந்தவர் உக்கிரபாண்டி ஒருவர்தான்.

அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. கடம்பூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மானாவாரி நிலம். உளுந்து, மக்காச்சோளம், ஓர் ஓரமாகப் பருத்தி. மீசையை மட்டும் மை பூசிக் கறுப்பாக வைத்திருப்பார். தலைமுடியை அதன் போக்கில் வெளுக்க விட்டுவிட்டார். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, பருத்தி நூலால் கட்டப்பட்டிருந்தது. அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்த திரைக்கதை செங்கல் கனம் இருந்தது. கடைத்தெருவில் தட்டச்சு செய்து, சுருள்கம்பி கோத்து, பளபளப்பான அட்டை போட்டிருந்தார். அட்டையில் அவரே கறுப்புக் கண்ணாடியுடன், கையில் களைக்கொத்தோடு நின்றார். மேலே ‘பருத்திக்காட்டு வேங்கை’ என்று நெருப்பு எழுத்துகள்.

“போட்டோ அந்தக் கடைக்காரப் பயலே எடுத்தான் தாயி. கண்ணாடியும் அவனோடதுதான். ஆளு மட்டும் நம்ம ஆளு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதம் சத்யபிரியாவுக்கு முதலில் உறுத்தியது. நாற்காலியை இழுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகையும் பக்கவாட்டில் ஒரு காதையும் காட்டியபடி உட்கார்ந்தார். பெண்பிள்ளையிடம் என்ன கேட்பது என்கிற இளக்காரம் போலும் என்று எண்ணினாள். ஆனால், அவள் சொன்ன ஒரு சொல்லும் அந்தக் காதுக்குத் தப்பவில்லை. அவள் குரல் தாழ்ந்தால் அவர் தலை சாயும். அவள் நிறுத்தினால் அவர் முதுகு காத்திருக்கும். முதுகால் கேட்கிற மனிதரை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

ஒவ்வொரு சந்தை நாளும் வந்தார். வரும்போதெல்லாம் பையில் ஏதேனும் இருக்கும்: ஒரு படி பாசிப்பயறு, பிஞ்சு வெள்ளரிக்காய், இரயிலில் வந்தால் கடம்பூர் போளி. எதையும் அவளுடைய கையில் கொடுக்க மாட்டார். மேசையில் வைத்துவிட்டு, “ஏ பூன, போளி ஆறுததுக்குள்ள திங்கச் சொல்லு” என்பார். பூனைக்கும் அவருக்கும் நடந்த பேச்சுவார்த்தையில்தான் பாதித் தொழில் முடிந்தது. இடைவேளையைத் தள்ளிவைக்கலாமா என்று பூனையிடம் கேட்டார். சண்டைகள் மிகுதி என்று சத்யபிரியா சொன்னபோது, “எட்டுப் பேர அடிக்கிறத நாலு பேராக்கிக்கிடலாம், அதுக்குக் கீழ எறங்குனா வேங்கைக்கு மரியாத இல்லன்னு சொல்லு பூன” என்றார். தனிமையில் வாழும் ஆண்களுக்கு இப்படி ஒரு கோணல் வருவது உண்டு என்று அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். சந்தை நாளன்று காலையிலேயே கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படியோசைக்குக் காதுகொடுக்கத் தொடங்கியிருந்ததை மட்டும் அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சினிமா அவருக்கு இளமையிலேயே பிடித்த கிறுக்கு. சுற்றுவட்டாரத்தில் எங்கே படப்பிடிப்பு நடந்தாலும் கூட்டத்தில் ஒருவராகப் போய் நின்றுவிடுவார். தேர்த் திருவிழாக் கூட்டம், பஞ்சாயத்துக் கூட்டம், பிணத்தின் பின்னே நடக்கும் கூட்டம் என எல்லாவற்றிலும் நின்றிருக்கிறார். வெளிவந்தவற்றுள் ஒரே ஒரு படத்தில், நாயகனின் தோளுக்குப் பின்னால் அவருடைய வலது முழங்கை தெரியும். அந்த முழங்கையைப் பற்றிச் சொல்லும்போது அவர் அதைத் தடவிக்கொள்வார்.

திரைக்கதையை முழுதும் படித்த சத்யபிரியாவுக்கு ஒன்று விளங்கியது. சண்டைகளும் சவால்களும் எங்கேயோ பார்த்த படங்களின் மிச்சம். உயிர் இருந்தது வேறோர் இடத்தில். வேங்கை வீட்டுக்கு வரும் காட்சிகளில் அவனுடைய மனைவி வருவாள். அவள் பேசுவாள், ஆனால், கணவனிடம் பேச மாட்டாள். முற்றத்தில் கட்டியிருக்கும் செவலை நிற வெள்ளாட்டிடம் பேசுவாள். அவனும் அதனிடமே பதில் சொல்வான்.

‘ஏ செவல, கும்பாவுல கஞ்சி ஊத்தி வெச்சிருக்கு. குடிக்கிதவிய குடிக்கட்டும்.’

‘ஏ செவல, உப்பு பத்தலன்னு சொல்லு.’

‘நாக்கு செத்தவியளுக்கு எந்த உப்பும் பத்தாது செவல.’

இப்படியே பக்கம் பக்கமாகச் சென்று, கடைசியில் மனைவி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். போகும்போதும் ஆட்டிடம்தான் சொல்கிறாள்: ‘செவல, நான் போறேன். நான் வேணும்ங்கிறவிய வந்து கூப்பிடட்டும்.’ அதோடு எழுத்து நின்றுவிட்டது. பின்னால் வெறுந்தாள்கள், அவையும் கம்பியில் கோக்கப்பட்டு.

“இதுக்கு மேல எனக்கு வரல. கூப்பிடுத சீன் வேணும். அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்திருக்கேன் தாயி” என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“எழுதிரலாம் அண்ணாச்சி. இந்த ஆடு எதுக்கு? காமெடிக்கா?”

அவர் பூனையைக் கைநீட்டி அருகே அழைத்தார். “காமெடி இல்லன்னு சொல்லு பூன” என்றார் பிறகு.

சத்யபிரியா தன் தொழிலுக்கு உண்மையானவள். தொடர்களில் அவள் கற்ற முதற்பாடம், எதிரெதிரே முகத்தை வைத்துப் பேசவைக்க வேண்டும் என்பது. முகம் இல்லையேல் கண்ணீர் இல்லை. கண்ணீர் இல்லையேல் பார்ப்பவர் இல்லை. சென்னையில் கதை கேட்பவர் ஆட்டிடம் பேசும் நாயகியைக் கண்டு சிரித்துவிட்டால் இவருடைய உழைப்பெல்லாம் வீணாகுமே என்ற அக்கறையில், ஆட்டை அடியோடு எடுத்தாள். மனைவி தானாகவே திரும்பி வருகிறாள், கணவனின் எதிரில் நிற்கிறாள், அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டுகிறாள். இரண்டு பக்கத்துக்கு ஓடிய அந்த உரையாடலை எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

கார்த்திகையில் ஒரு நாள் அதை வாசித்துக் காட்டினாள். “‘என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச உங்களுக்கு இத்தனை வருஷம் போதவில்லையா? நான் இந்த வீட்டுக்கு வந்தது சுவரோடு குடும்பம் நடத்தவா?’” என்று குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். முதுகு அசையாமல் கேட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் உக்கிரபாண்டி. “யாரு தாயி இந்தப் பொம்பள?”

“உங்க கதாநாயகி அண்ணாச்சி.”

“இல்லம்மா. இவிய வேற யாரோ. இவ்வளவு பேசுதவ எதுக்கு வீட்ட விட்டுப் போறா? பேசுனா எறங்கிப் போயிருமே. என் வீட்டுல உள்ளவளுக்கு அது எறங்கவே இல்ல.”

அப்போதுதான் அவர் வாசலுக்குச் சொல்வதுபோல அதைச் சொன்னார். அவருடைய மனைவி கோமதியம்மாள். கயத்தாற்றுக் காற்றாலைகளுக்கு நடுவே நடந்த ஒரு படப்பிடிப்பில் அவர் கூட்டத்தில் நின்றிருந்தபோது மாமனார் இறந்துபோனார். அங்கே எல்லாருடைய அலைபேசிகளையும் வாங்கி ஒரு சாக்கில் கட்டிவைத்திருந்தார்கள். செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. கோடித்துணி கொண்டுவந்து போட வேண்டிய மருமகன் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் கையால் கோடி போட்டு எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, முகத்தில் ஒப்பனைப் பவுடரோடு அவர் இழவு வீட்டு வாசலில் போய் நின்றார். எந்தக் காட்சிக்காக நின்றீர்கள் என்று மைத்துனன் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: சாவுக்கூட்டம்.

கோமதியம்மாள் அழவும் இல்லை; ஏசவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆட்டைப் பார்த்து, “ஏ செவல, பக்கத்தூரு பொணத்துக்குப் போனவிய வந்துட்டாவ. தண்ணி வெச்சிருக்கு, குளிச்சிட்டு உள்ள வரச் சொல்லு” என்றாள். அதுதான் தொடக்கம். அன்றிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் செவலைக்குச் சொல்லப்பட்டது. அந்தச் செவலைக்குப் பின் அதன் குட்டி. அதற்குப் பின் அதன் குட்டி. எல்லாவற்றுக்கும் பெயர் செவலைதான். மகள் செல்வலட்சுமி பெரியவளானதும், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும், கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதும் செவலை வழியாகவே பேசி முடிவாயின. முழங்கை தெரிந்த படம் வெளிவந்த நாளில் கோமதியம்மாள் சொன்னதை மட்டும் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது: “‘ஏ செவல, முழங்கைக்கு மாலை கட்டி வெச்சிருக்கேன், வந்து மாட்டிக்கிடச் சொல்லு’ன்னா தாயி!”

புதியம்புத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வலட்சுமிக்குப் பேறுகாலம் வந்தபோது கோமதியம்மாள் புறப்பட்டாள். கட்டுத்தறியில் நின்று சொன்ன கடைசி வார்த்தைதான் திரைக்கதையில் கடைசியாக இருப்பது. குழந்தை பிறந்தது, நடந்தது, பேசவும் தொடங்கியது. அவள் வரவில்லை, அவர் கூப்பிடவில்லை. சென்ற கோடையில் செவலையும் செத்துப்போயிற்று.

சத்யபிரியாவுக்கு முகம் சுட்டது. இது அவள் அறியாத வழக்கம் அன்று. அவளுடைய பெரியம்மா, கடையில் அடுக்கிய மிளகாய் வற்றல் மூட்டைகளிடம் பேசியே பெரியப்பாவை ஆண்டவள். அறிந்திருந்தும், தொழில் கற்ற கையால் அதை அழித்திருக்கிறாள். பூனையை ஒருமுறை பார்த்தாள். அது போளி இலையை நக்கிக்கொண்டிருந்தது.

“வேற ஆடு ஒண்ணு வாங்கியிருக்கலாமே அண்ணாச்சி?” என்றாள் மெல்ல.

“வாங்கலாம். அதுக்கு அவளத் தெரியாதே.”

மாடிக்குக் கீழே லேபிள் கட்டுகளை வண்டியில் ஏற்றும் ஓசை கேட்டது. அது நின்ற பிறகு அவர் சொன்னார்: “படமா வந்துட்டா அவ பாப்பா. தியேட்டருக்கு வராட்டாலும் டிவியில போடுவாவல்லா, அதுல பாப்பா. அதுல அவன் கூப்பிடுவான். நம்மளத்தான் கூப்பிடுதாவன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்.”

இதற்குத்தான் பருத்தி விற்ற காசைக் கொண்டுவந்து தன்னிடம் கொடுத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ‘வேங்கை’ படமாகாது. ஆவதற்கு வழியே இல்லை. மற்ற வாடிக்கையாளர்களிடம் இந்த உண்மையை அவள் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதி. இவரிடம் சொன்னாள்.

“படமா வர ரொம்ப நாள் ஆகும் அண்ணாச்சி. வராமலும் போகலாம். பெரும்பாலும் வராது. புதியம்புத்தூருக்கு இங்க இருந்து பஸ் இருக்குல்ல?”

அவர் எழுந்து, படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று பூனையிடம்கூட விடைபெறவில்லை.

மார்கழி போயிற்று, தை போயிற்று. சந்தை நாள்கள் வந்து போயின. அவர் இட்டுச் சேர்த்த மண்ணில் கற்றாழை பச்சைபிடித்து, தொட்டி விளிம்பைத் தாண்டியது. வங்கி அலுவலர் தம் துப்பறியும் கதையில் இன்னும் இரண்டு கொலைகள் வேண்டும் என்று அலைபேசியில் கேட்டுக்கொண்டார். சத்யபிரியா கொலைகளை எழுதிவிட்டு, கேட்பார் இல்லாத ‘வேங்கை’யை எடுத்துவைத்துக்கொண்டாள். தன் இரண்டு பக்க உரையாடலை வரி வரியாக அடித்தாள். செவலையைப் பழையபடி கட்டுத்தறியில் கொண்டுவந்து கட்டினாள். மனைவி திரும்பி வருகிறாள், ஆட்டுக்குத் தழை போடுகிறாள், அடுப்பு மூட்டுகிறாள், ஒரு சொல்லும் இல்லை. கஞ்சியைக் கும்பாவில் ஊற்றிவிட்டு ஆட்டின் பக்கம் திரும்புகிறவள், பாதியில் நின்று, கணவனின் பக்கம் திரும்புகிறாள். அவள் என்ன சொல்வாள்?

அந்த இடத்தில் சத்யபிரியாவுக்குப் பல நாள் எழுத்து ஓடவில்லை. ஒரு பிற்பகல், தனக்கென்று ஒரு பிடி அரிசியை உலையில் இட்டபோது, தாய் போன பிறகு அந்த வீட்டில் எவருமே சொல்லாத ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஈரக் கையோடு வந்து அதை எழுதினாள்.

‘ஒங்களத்தான். சாப்பிட வாங்க.’

அவ்வளவுதான் காட்சி.

பங்குனி வெயிலில், உளுந்தும் மக்காச்சோளமும் வீடு சேர்ந்த பிறகு, உக்கிரபாண்டி வந்தார். செருப்பில் மண் இல்லை, புழுதிதான். ஆனாலும் பழக்கத்துக்கு உட்கார்ந்து தட்டினார். கற்றாழையை ஒருமுறை தொட்டுப்பார்த்தார். மீசைக்கு மை பூசியிருக்கவில்லை. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“புதியம்புத்தூர் போயிட்டு வந்தேன் பூன” என்றார்.

செல்வலட்சுமி வேலைக்குப் போயிருந்தாள். திறந்த கதவின் முன், தையல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணித்துண்டுகளைப் பரப்பிப் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே கோமதியம்மாள் பாசிப்பயற்றைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் ஓசை நின்றது. அவர் வாசலில் நின்றார். பேருந்தில் வரும்போது நான்கு வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தார். படப்பிடிப்பில் நடிகர்கள் முணுமுணுத்துப் பழகுவதைப்போல வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். வாயைத் திறந்தபோது குழந்தை அவரை அண்ணாந்து பார்த்தது.

“ஏட்டி, தாத்தா வந்திருக்கேன்னு ஆச்சிட்ட சொல்லு” என்று வந்துவிட்டது.

குழந்தை உள்ளே பார்த்து, “ஆச்சி, தாத்தா வந்திருக்கு” என்றது.

“வெயில்ல நிக்காம உள்ள வரச் சொல்லுட்டி” என்றாள் கோமதியம்மாள்.

“காட்டுல உளுந்து நல்லா வந்திருக்குன்னு சொல்லுட்டி.”

“நல்லதுன்னு சொல்லு.”

“வீடு பூட்டிக் கெடக்குன்னு சொல்லு.”

குழந்தைக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, அடுத்ததற்குக் கைதட்டிக் காத்திருந்தது. முறம் மறுபடி தட்டத் தொடங்கிய பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: “சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுட்டி.”

“சாப்பிட்டியளா?” என்று கேட்டாள் சத்யபிரியா.

“சாப்பிட்டேன். உப்பு சரியா இருந்துச்சு. அதச் சொல்லணும்னு பாத்தேன். அதுக்குள்ள பிள்ள தூங்கிப்போச்சு.” அவர் கண்ணாடியைக் கழற்றி, நூல் கட்டிய இடத்தை நகத்தால் நிமிண்டினார். “பிள்ள தூங்குன பொறவு ரெண்டு பேரும் சும்மாவே இருந்தோம். அப்புறம் கடைசி பஸ்ஸுக்கு வந்துட்டேன்.”

மின்விசிறி சுற்றியது. மேசையில் அவர் கொண்டுவந்த உளுந்துப் பை சாய்ந்து, வாய் திறந்து கிடந்தது.

“அந்தக் கூப்பிடுத சீன எழுதிட்டீயளா தாயி?”

“எழுதிட்டேன் அண்ணாச்சி. அந்த ரெண்டு பக்கத்தையும் அடிச்சுட்டேன். இப்ப ஒரே ஒரு வரிதான். ஆனா, அவர் கூப்பிடல. அந்த அம்மா கூப்பிடுறாவ.”

“என்ன சொல்லுதா?”

சத்யபிரியா தாளை எடுத்து, தொண்டையைச் செருமினாள். உக்கிரபாண்டியின் கை சட்டென்று உயர்ந்து அவளைத் தடுத்தது. அவர் எழுந்தார். மேசையடியில் படுத்திருந்த பூனையை வயிற்றடியில் கைகொடுத்துத் தூக்கி, கதவைத் திறந்து, வெளிப்படியில் கற்றாழைத் தொட்டியருகே இறக்கிவிட்டார். கதவைச் சாத்தினார். நாற்காலியைப் பிடித்து, தரையில் கிறீச்சிட, முழுதுமாகத் திருப்பி, சத்யபிரியாவின் எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவருடைய முகத்தை நேருக்கு நேராக அவள் பார்த்தது அன்றுதான். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது.

“படத்துக்கு வேண்டாம் தாயி, எனக்கு” என்றார். “இப்ப வாசிங்க. என் மொகத்தப் பாத்து.”